நோயாளியின் வாயையும் தலையையும் பேணுவோம்

கூழானாலும் குளித்துக் குடி என்பது நம் முன்னோர் வகுத்துத் தந்த முறை. தோட்டப்புறத்தில் வாழும் நம் மக்கள் இம்முறையை இன்றளவும் கைவிட்டாரில்லை. விடியுமுன் எழுந்து பல் துலக்கிப் பிரட்டுக்குச் செல்வோரும், மரம் வெட்டி முடித்து வீடு திரும்பியதும் குளித்த பின்னரே சோற்றில் கை வைப்போரும் நம்மிடையே மிகப் பலர். ஆயினும், அதே வீட்டில் பக்கவாதத்தால் கைகால் விழுந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர் ஒருவர் இருப்பின், அவருடைய வாய் கடைசியாக எப்போது கழுவப்பட்டது, தலை எப்போது வாரப்பட்டது என்று கேட்டால், பல வீடுகளில் விடை எளிதில் வருவதில்லை.

இதற்கு அன்புக் குறைவு காரணமன்று. வேளைக்குக் கஞ்சி கொடுக்கிறோம், மருந்து தருகிறோம், துணி மாற்றுகிறோம். வாயையும் தலைமுடியையும் மட்டும் அழகைச் சார்ந்தவை என்று எண்ணி, நோய் தீர்ந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என ஒதுக்கி விடுகிறோம். இவ்வெண்ணம் தவறானது. படுக்கையில் இருப்பவரின் வாய்ச் சுத்தம் அவருடைய உயிரைக் காப்பது. தலைச் சுத்தம் அவருடைய மானத்தைக் காப்பது. இவ்விரண்டையும் பயிற்சி பெற்ற தாதியர்தாம் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு நாமே செய்யலாம். அதற்குரிய முறைகளை இங்குப் படிப்படியாகக் காண்போம்.

வாய்க்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு

நலமாக இருப்பவரின் வாய் ஓயாமல் தன்னைத் தானே தூய்மை செய்து கொள்கிறது. பேசும்போதும் மெல்லும்போதும் உமிழ்நீர் சுரக்கிறது. நாக்கு அசைந்து உணவுத் துகள்களை அகற்றுகிறது. நோயாளிக்கோ உமிழ்நீர் குறைந்து விடுகிறது. அவர் உண்ணும் சில மருந்துகளும் வாயை உலரச் செய்கின்றன. வாயைத் திறந்தபடி மூச்சு விடுபவருக்கு நாக்கு வறண்டு வெடிப்பதும் உண்டு. இந்நிலையில் பல்லிடுக்கிலும் நாக்கின்மேலும் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன.

இதனால் விளையும் கேடு வாயோடு நிற்பதில்லை. விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு, எச்சில் உணவுக் குழாயில் செல்வதற்குப் பதிலாகச் சிறிது சிறிதாக மூச்சுக் குழாயில் இறங்கும். நம் போன்றோர் உடனே இருமி அதனை வெளியேற்றி விடுவோம். நோயாளிக்கு இருமவும் வலு இராது. வாயில் வளர்ந்த கிருமிகள் அந்த எச்சிலோடு நுரையீரலை அடைந்து, நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை உண்டாக்குகின்றன. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில், நூற்றுக்கு ஏறக்குறைய 12 நிமோனியாவால் நேர்ந்தவை. இருதய நோய்க்கு அடுத்த இடம் அதற்கே இருந்தது.

வாயைத் துலக்குவதால் இதனைக் குறைக்க முடியுமா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 11 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த அவ்வாய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. ஒவ்வோர் உணவுக்குப் பின்னரும் பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்ட முதியோருள் நூற்றுக்கு 11 பேருக்கே நிமோனியா கண்டது. அவ்வாறு கவனிக்கப்படாதவருள் நூற்றுக்கு 19 பேருக்குக் கண்டது. இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியது விலை உயர்ந்த மருந்தன்று. பல் தூரிகையும் அதைப் பிடித்த கையுமே.

முதலில் நம் கை

நோயாளியின் வாயைத் தொடுமுன் நம் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் எடுத்த கை, பால் உறையச் சேர்க்கும் அமிலத்தைத் தொட்ட கை, வாளியைத் துடைத்துவிட்டு அப்படியே நோயாளியின் வாய்க்குப் போகலாகாது. விரல் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கையுறை கிடைத்தால் அணிவது நன்று.

தேவையான பொருள்கள் மிகச் சில. மென்மையான இழைகளையுடைய சிறிய பல் தூரிகை ஒன்று, ஃபுளோரைடு கலந்த பற்பசை, ஒரு குவளை நீர், துப்புவதற்கு ஒரு கிண்ணம், மார்பின்மேல் விரிக்க ஒரு துவாலை, தூய மெல்லிய துணித் துண்டுகள், உதட்டில் தடவ வாசலின் ஆகியவை போதும். இவற்றை ஒரு மூடியுள்ள டப்பாவில் ஒன்றாக வைத்துக் கொண்டால் வேலை எளிதாகும். இந்தத் தூரிகையை வீட்டில் வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது.

வாயைத் தூய்மை செய்யும் முறை

நாள்தோறும் இருமுறை பல் துலக்கிவிட வேண்டும். மரம் வெட்டச் செல்லும் குடும்பத்தார், பிரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு முறையும், இரவு உறங்கப் போகுமுன் ஒரு முறையும் செய்யலாம். நடுப்பகலில் வீட்டில் இருப்பவர், உணவுக்குப் பின் நோயாளியை வாய் கொப்பளிக்கச் செய்தாலோ, ஈரத் துணியால் துடைத்துவிட்டாலோ போதும். இரவு வேளையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவற விடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் மேலும் குறைவதால் கிருமிகள் தடையின்றிப் பெருகுவது அப்போதுதான்.

முதலில் செய்யப் போவதைச் சொல்ல வேண்டும். “அம்மா, பல் துலக்கிவிடுகிறேன், வாயைக் கொஞ்சம் திறங்கள்” என்று கூறிவிட்டுத் தொடங்குவோம். நோயாளியைத் தலையணைகளின் துணையோடு நன்றாக நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். உட்கார இயலாதவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவரின் வாயில் ஒருபோதும் நீர் விடலாகாது.

தூரிகையில் பட்டாணி அளவு பற்பசை போதும். கொப்பளிக்க இயலாதவருக்கு அதனினும் குறைவாக, இழைகளில் இலேசாகப் பூசினால் போதும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தூரிகையைச் சாய்வாக வைத்துச் சிறு சிறு வட்டங்களாக அசைக்க வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என வரிசையாகச் செய்தால் எந்த இடமும் விடுபடாது. பின்னர் நாக்கை உள்ளிருந்து வெளியாக மெதுவாகத் துடைக்க வேண்டும். அடிநாக்கு வரை சென்றால் குமட்டல் வரும்.

மரம் வெட்டும் நமக்கு இதில் ஓர் இயல்பான தகுதி உண்டு. பட்டையில் கத்தி சற்று ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும் என்பதை நம் கை அறியும். அந்த அளவறிந்த கையே இங்கும் வேண்டும். அழுத்தித் தேய்ப்பதால் பல் வெளுப்பதில்லை, ஈறுதான் கிழியும். ஈறில் சிறிது இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிட வேண்டாம். பெரும்பாலும் அழுக்குப் படிந்த ஈறே அவ்வாறு கசியும். சில நாள் தொடர்ந்து மென்மையாகத் துலக்கினால் குறையும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராயினும், கசிவு நில்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் கண்டவருக்குத் தனிக் கவனம் தேவை. உணர்ச்சி இழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறும் மாத்திரையும் தங்கியிருப்பது அவருக்கே தெரியாது. ஒவ்வொரு முறை உணவூட்டிய பின்னும் அந்தக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்து, துணி சுற்றிய தேக்கரண்டிக் காம்பால் துடைத்தெடுக்க வேண்டும். உணவுக்குப் பின் அரைமணி நேரமாவது அவரை நிமிர்ந்தே இருக்கச் செய்ய வேண்டும்.

மூக்கு வழியாகக் குழாயில் பால் ஊட்டப்படுபவருக்கு வாய்ச் சுத்தம் தேவையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். உணவு செல்லாத வாயில்தான் உமிழ்நீர் குறைந்து கிருமி மிகுதியாகிறது. அவர்களுக்கும் இருவேளை துலக்கியே தீர வேண்டும்.

நினைவிழந்தவருக்கும் பொய்ப்பல் வைத்தவருக்கும்

நினைவு தெளிவாக இல்லாதவரை ஒரு பக்கமாகத் திருப்பி, முகம் சற்றுக் கீழ்நோக்கி இருக்குமாறு படுக்க வைக்க வேண்டும். கன்னத்தின்கீழ்த் துவாலையும் கிண்ணமும் வைக்க வேண்டும். தூய துணியை நீரில் நனைத்து, சொட்டாதவாறு நன்றாகப் பிழிந்து, தேக்கரண்டிக் காம்பில் இறுகச் சுற்றிப் பல், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். பஞ்சைச் சுற்ற வேண்டாம். பிரிந்து தொண்டையில் சிக்கக் கூடும். நம் விரலை அவருடைய பற்களுக்கு இடையே விடவும் வேண்டாம். அவர் அறியாமலே கடித்து விடுவார். சில மணி நேரத்துக்கு ஒரு முறை வாயை ஈரத் துணியால் நனைத்து, உதட்டில் வாசலினை மெல்லியதாகத் தடவ வேண்டும். பிராணவாயுக் கருவி பொருத்தப்பட்டவருக்கு மட்டும் வாசலின் கூடாது. வேறு எதைத் தடவலாம் என்று தாதியிடம் கேட்டறிக.

பொய்ப்பல் வைத்திருப்பவராயின் இரவில் அதனைக் கழற்றிவிட வேண்டும். கீழே விழுந்தாலும் உடையாதிருக்க, நீர் நிரம்பிய பேசினின்மேல் பிடித்துச் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவலாம். பிறகு குளிர்ந்த நீரில் மூழ்கும்படி வைக்க வேண்டும். வெந்நீரில் இட்டால் அதன் வடிவம் கெடும். பல் ஒன்றுகூட இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் நாள்தோறும் துடைத்துவிட வேண்டும்.

உப்புக் கலந்த நீரில் வாய் கொப்பளிப்பது நல்ல பழக்கம். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். விழுங்காமல் துப்பக் கூடியவருக்கே இது பொருந்தும். உமிக்கரி, செங்கற்பொடி ஆகியன நோயாளியின் மெலிந்த ஈறைப் புண்ணாக்கும், அவை வேண்டாம். முன்னாளில் நாக்கில் தடவிய போராக்ஸ் கலந்த கிளிசரினும் இன்று ஏற்கத்தக்கதன்று. போராக்ஸ் உடலுக்குள் சென்றால் நஞ்சாகும்.

துலக்கும்போதே பார்க்க வேண்டியவை

நாள்தோறும் வாயைத் துலக்குபவரே நோயின் முதல் அடையாளத்தைக் காணக் கூடியவர். நாக்கிலும் கன்னத்திலும் தயிர் படிந்தாற்போல் வெள்ளை தோன்றி, துடைத்தால் சிவந்த புண் தெரியுமாயின் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இனிப்புநீர் நோயாளருக்கு இது எளிதில் வரும். 2023இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 15.6 பேர் இனிப்புநீர் உடையவர்கள். அவர்களுக்கு ஈறு நோயும் கடுமையாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் நம் முதியோரிடையே நெடுங்காலமாக இருந்து வருவது. புகையிலை சேராவிடினும் வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. மலேசிய இனங்களுள் வாய்ப் புற்றுநோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இப்பழக்கம் ஒரு முக்கிய காரணம். ஆகவே, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களைப் பகல் வெளிச்சத்திலோ கைவிளக்கைப் பிடித்தோ வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, தடித்த கட்டி, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று காத்திருத்தல் ஆகாது. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

தலைமுடியைப் பேணுதல்

படுக்கையில் நாள் முழுதும் கிடப்பவரின் தலை, தலையணையில் உரசிக்கொண்டே இருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து, இரண்டு மூன்று நாளிலேயே முடி சிக்குப் பிடித்து விடும். சிக்குக்கு அடியில் தோல் காற்றின்றிப் புழுங்கும். பின்னந்தலையின் எலும்பு அழுந்தும் இடத்தில் படுக்கைப் புண்ணும் வரக் கூடும். முடி மறைத்திருப்பதால் அது வெகுநாள் தெரியாமலே இருந்து விடும். ஆகவே தலை வாருவது, தலையின் தோலைப் பார்ப்பதற்கும் உரிய வேளையாகும்.

தலையணையின்மேல் துவாலை விரித்து, முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொள்க. அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக மேலே செல்ல வேண்டும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் பற்றிக்கொண்டால் வேர் இழுபடாது, வலியும் இராது. சிக்கு இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊற விட்டு, விரலாலேயே பிரிக்கலாம். நீண்ட முடியைப் பின்னால் கொண்டையாக முடியலாகாது. அந்த முடிச்சே தலையை அழுத்தும். இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாகத் தளரப் பின்னிவிடுவதே ஏற்றது. பக்கவாதம் கண்டவராயினும் வழங்கும் கையில் சீப்பைக் கொடுத்து, முடிந்தவரை அவரே வாரிக்கொள்ளச் செய்வது நன்று. அது கைக்குப் பயிற்சி, மனத்துக்குத் தெம்பு.

வாரம் ஒரு முறை தலைக்கு ஊற்ற வேண்டும். வேலை முடிந்து வந்தபின், வெயில் இருக்கும் பிற்பகல் வேளையே இதற்கு ஏற்றது. உணவு உண்டவுடன் செய்யலாகாது. நோயாளியைக் கட்டிலின் ஓரமாகத் திருப்பி, கழுத்துக்குக் கீழே துவாலை ஒன்றைச் சுருட்டி வைக்க வேண்டும். பெரிய பிளாஸ்டிக் விரிப்பொன்றின் இரு ஓரங்களையும் உள்நோக்கிச் சுருட்டினால் அது வாய்க்கால் போலாகும். அதன் ஒரு முனையைத் தலையின்கீழும், மறுமுனையைத் தரையிலுள்ள வாளியிலும் விட்டால் படுக்கை நனையாது. நீரின் சூட்டை நம் முழங்கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். காதுகளில் பஞ்சும் கண்களின்மேல் மடித்த துணியும் வைக்க வேண்டும். சிறிதளவு ஷாம்புவோ சீயக்காயோ இட்டு, விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகத்தால் கீறலாகாது. நன்றாக அலசி, உடனே துவட்டி உலர்த்த வேண்டும். காதிலுள்ள பஞ்சை எடுக்க மறக்கலாகாது. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ உள்ள நாளில் தலைக்கு ஊற்றாமல், ஈரத் துணியால் தலையைத் துடைத்துவிட்டால் போதும்.

பேன் கண்டால்

பேன் பற்றுவது இழிவன்று; ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு ஏறுவது. அதனைப் பேன் சீப்பாலும், மருந்துக் கடையில் கிடைக்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தாலும் போக்கலாம். ஈர் பொரிந்து வெளிவரும் பேனையும் ஒழிக்க, ஏழு முதல் பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை இட வேண்டும். தலையணை உறையையும் சீப்பையும் வெந்நீரில் இட்டுக் கழுவ வேண்டும். வீட்டிலுள்ள மற்றவரின் தலைகளையும் அன்றே பார்க்க வேண்டும்.

இங்கு ஒன்றை வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். பேனுக்காக மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றும் பழக்கம் பேராபத்தானது. தோல் வெந்து போகும். அருகில் விளக்கோ சிகரெட்டோ இருந்தால் தீப்பற்றும். அதன் ஆவி நோயாளியின் நுரையீரலைத் தாக்கும். தோட்டத்து ஸ்டோரில் உள்ள பூச்சி மருந்தையோ களைக்கொல்லியையோ மனிதத் தலையில் தொடவும் கூடாது.

அவருடைய விருப்பமும் மரியாதையும்

சிக்கு மிகுந்துவிட்டால் முடியை ஒட்ட வெட்டிவிடுவது நமக்கு எளிது. ஆனால் அந்த முடி நம்முடையதன்று. எத்தனையோ ஆண்டுகள் எண்ணெயிட்டு, வாரி, பூச்சூடிய தலையை ஒரு சொல் கேளாமல் கத்தரித்துவிட்டால், அந்தத் தாய் நோயினும் கொடிய துன்பத்தை அடைவாள். “பாட்டி, கொஞ்சம் குட்டையாக வெட்டிவிடட்டுமா?” என்று கேட்டு, அவர் இசைந்தால் மட்டுமே வெட்ட வேண்டும். பேச இயலாதவராயின் கண்ணசைவையோ தலையசைவையோ எதிர்பார்க்க வேண்டும். வகிடு எந்தப் பக்கம் எடுப்பார், நெற்றியில் என்ன அணிவார் என்பதை அறிந்து அப்படியே செய்ய வேண்டும். ஆண்களுக்கு மீசையை ஒதுக்கிவிடுவதும் முகம் மழித்துவிடுவதும் இதனுள் அடங்கும்.

வாய் நாற்றம் வீசுமோ, தலை கலைந்து கிடக்கிறதோ என்ற கூச்சத்தால், பார்க்க வருவோரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளர் பலர். சுத்தமான வாயுடையவருக்கு உணவின் சுவை தெரிகிறது. அதனால் இன்னும் இரண்டு கரண்டி கஞ்சி உள்ளே செல்கிறது. தலை வாரிய முதியவர் வாசலைப் பார்த்து உட்கார விரும்புகிறார். நோய் தீராவிட்டாலும், அவர் மீண்டும் வீட்டில் ஒருவராகிறார்.

யாரிடம் கேட்பது?

முன்னாளில் பல தோட்டங்களில் டிரெசர் என்று நாம் அழைத்த மருத்துவமனை உதவியாளர் லயத்துக்கே வந்து பார்ப்பதுண்டு. இன்று பெரும்பாலோர் நாடுவது அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானையே. படுக்கையில் உள்ளவரை வீட்டுக்கு வந்து கவனிக்கும் சேவை அங்கு உண்டா என்று கேட்டறிய வேண்டும். மருத்துவமனையிலிருந்து நோயாளியை அழைத்து வரும் நாளிலேயே, வாய் துலக்கும் முறையையும் பக்கம் திருப்பும் முறையையும் தாதியிடம் ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது மிக நன்று. படுத்த படுக்கையானவரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா வழங்கும் உதவித் தொகைக்கும் மனுச் செய்யலாம்.

காய்ச்சல், புதிதாக வந்த இருமல், உணவூட்டும்போது புரையேறுதல், மூச்சு வாங்குதல், வழக்கத்துக்கு மாறான உறக்கம் அல்லது குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இப்பணி முழுவதையும் ஒரே பெண்ணின் தலையில் சுமத்துவதும் முறையன்று. காலையில் மகன் பல் துலக்கிவிடலாம். பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளை தலை வாரிவிடலாம். இரவில் மருமகள் பொய்ப்பல்லைக் கழுவி வைக்கலாம். ஒருமுறை துலக்கிவிடப் பத்து நிமிடம் போதும்; செலவும் மிகக் குறைவு. நம்மை வளர்த்து ஆளாக்கியவர்கள் நம் வாயைக் கழுவி, நம் தலையை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்த நமக்குக் கிடைத்த நாள்கள் சிலவே. அவற்றுள் ஒன்றையும் வீணாக்காமல் இன்றிரவே தொடங்குவோமாக.